ஜெர்மனியில் குளிர்காலப் பருவம்: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் என்ற பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வை முடித்து, ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளும், அவர்களை வழியனுப்பக் காத்திருக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நம் ஊரில் பதிவு நாளன்று மண்டபத்துக்குப் போனால் விடுதிச் சாவி வரை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அங்கே அப்படிக் கிடையாது. ஒரு தாள் கையில் இருந்தால்தான் அடுத்த தாள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. அதனால்தான் பதில்களில் தேதியும் வரிசையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"மகனின் கடிதத்தில் பருவம் அக்டோபர் 1 என்று இருக்கிறது. நண்பரின் மகளோ வகுப்பு அக்டோபர் நடுவில்தான் தொடங்கும் என்கிறாள். டிக்கெட்டை எந்தத் தேதிக்கு எடுப்பது?" – ஒரு தந்தை, செந்தூல்

இரண்டும் சரிதான் ஐயா. குளிர்காலப் பருவத்தை அங்கே வின்டர்செமெஸ்டர் என்பார்கள். பல்கலைக்கழகங்களில் அது நிர்வாகக் கணக்குப்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. விரிவுரைகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முற்பாதியில் முடியும். கிறிஸ்துமஸை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் விடுமுறை. ஹோக்‌ஷூலே எனப்படும் செயல்முறைப் பல்கலைக்கழகங்களில் பருவம் பெரும்பாலும் ஒரு மாதம் முந்தி, செப்டம்பர் 1இலேயே தொடங்கிவிடும். மகனுக்குக் கிடைத்த இடம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

டிக்கெட்டை வகுப்புத் தேதியை வைத்து எடுக்காதீர்கள். பொறியியல், கணினி, இயற்பியல் படிக்கப் போகிறவர்களுக்குச் செப்டம்பரிலேயே ஃபோர்குர்ஸ் என்ற கணித முன்வகுப்பு பல இடங்களில் நடக்கும். கட்டாயமில்லை என்று போட்டிருப்பார்கள். ஆனால் முதல் வார விரிவுரை அந்த முன்வகுப்பு முடிந்த இடத்திலிருந்துதான் ஓடும். வகுப்புக்கு முந்தைய வாரம் புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம். பாட அட்டவணையை எப்படிப் போடுவது என்று மூத்த மாணவர்கள் சொல்லித்தருவது அந்த வாரத்தில்தான். ஆகவே செப்டம்பர் நடுவில் போய்ச் சேருவது நல்லது. விசாவில் அச்சாகியிருக்கும் தொடக்கத் தேதிக்கு முன்னால் மட்டும் போய் இறங்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலையில் போய் இறங்கும் விமானத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பேரங்காடி முதல் துணிக்கடை வரை அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் சில கடைகள்தான் திறந்திருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் இதே கதைதான். போர்வை, தலையணை இல்லாத வெறும் அறையில் முதல் இரவைக் கழிக்க வேண்டி வரும்.

விசா தாமதமானால் கடிதத்தில் உள்ள பதிவுக் கெடு தாண்டும்வரை காத்திருக்கக் கூடாது. கெடுவுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, விசா விண்ணப்பித்ததற்கான சான்றை இணைத்து, தாமதமாகப் பதிய அனுமதி கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்டால் இடம் போய்விடும்.

"தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்கிறார்கள். அதற்கு எங்கே போவது?" – மாணவர், கெப்போங்

எங்கேயும் போக வேண்டாம் தம்பி. அது கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று; இந்தியா, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் படித்தவர்களுக்கு. மலேசியச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. காணொளி பார்க்கும்போது பேசுபவர் எந்த நாட்டிலிருந்து போனவர் என்று முதலில் பாருங்கள். விசா, சான்றிதழ் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

"மகளின் விசாவுக்கு முடக்கக் கணக்கில் பெரிய தொகை கட்டச் சொல்கிறார்கள். அது கட்டணமா? திரும்பி வருமா?" – ஒரு தாய், பட்டர்வொர்த்

கட்டணம் இல்லை அம்மா. உங்கள் மகள் ஓராண்டு சாப்பிடவும் வாடகை கொடுக்கவும் வேண்டிய காசு அது. அவள் பெயரிலேயே இருக்கும். ஷ்பெர்கோன்டோ என்று பெயர். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அங்கே போய் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறந்ததும் மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து விடுவிப்பார்கள். மொத்தமாக எடுக்க முடியாது.

பணம் அனுப்பும் நாளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இங்கிருந்து யூரோவாக அனுப்பும்போது இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். நீங்கள் சரியாக 11,904 அனுப்பியிருப்பீர்கள். போய்ச் சேர்ந்தது பத்திருபது யூரோ குறைவாக இருக்கும். அவ்வளவு சின்னக் குறைக்கே விசாவுக்கான உறுதிக் கடிதம் வராது. மறுபடியும் அனுப்பி, மறுபடியும் காத்திருந்து, விசா நேர்காணல் தேதியே தவறிவிடும். அதனால் வங்கிப் படிவத்தில் எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறியுங்கள். கணக்கு நிறுவனத்தின் திறப்புக் கட்டணத்தையும் சேர்த்து, அதற்கு மேல் 50 முதல் 100 யூரோ கூட்டி அனுப்புங்கள். அவர்கள் கொடுத்த குறிப்பு எண்ணை அப்படியே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் யார் பணம் என்று கண்டுபிடிக்கவே நாளாகும்.

இந்தக் கணக்கில் பணம் இருக்கிறது என்று நம்பி வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். முதல் 992 கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் அறை முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி அது அடிப்படை வாடகையைப் போல மூன்று மடங்கு வரை இருக்கலாம். முதல் மாத வாடகை, காப்புறுதி, ஒவ்வொரு பருவமும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பருவத் தொகை எல்லாம் அதே மாதத்தில் வந்து நிற்கும். அடிப்படை வாடகை 300 யூரோ உள்ள அறைக்கே முன்பணம் 900 வரை போகும். ஆக, தனியாக 2,000 யூரோவாவது எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். ரொக்கமாக எடுத்துப்போனால் 10,000 யூரோவும் அதற்கு மேலும் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும். நமது அனுபவத்தில் இவ்வளவு ரொக்கம் தேவையே இல்லை; 300, 400 கையிலும் மீதி அட்டையிலும் இருந்தால் போதும்.

படிப்புக் கட்டணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களிடம், இளங்கலைக்குப் பருவத்துக்கு 2,000 முதல் 3,000, முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. "ஜெர்மனி என்றால் இலவசம்" என்று கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

"படிவத்தில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். என் கடப்பிதழில் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள்), அப்பா பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது. எதை எங்கே போடுவது?" – மாணவி, ஜெலுத்தோங்

நல்ல கேள்வி தங்கச்சி, இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உங்கள் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் போடுவதே வழக்கம். ஏ/பி, ஏ/எல் (இன்னாரின் மகன்) இரண்டிலும் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்காது. எப்படிப் போட்டாலும் சரி, பல்கலைக்கழகத்தில் போட்ட அதே வடிவத்தை முடக்கக் கணக்கு, காப்புறுதி, விசா, வங்கி என்று எல்லா இடத்திலும் போடுங்கள். விமான டிக்கெட் மட்டும் கடப்பிதழில் உள்ளபடி. ஓர் இடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோர் இடத்தில் பின்னால் என்று வந்தால், காப்புறுதி நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மின்தகவல் உங்கள் பதிவோடு ஒட்டாது. பதிவு அப்படியே தொங்கும்.

"போய் இறங்கியதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்." – மாணவர், ஆயர் ஈத்தாம்

முகவரிப் பதிவுதான் முதலில். ஆன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கடப்பிதழும் விசாவும் மட்டும் போதாது. வீட்டுக்காரர் அல்லது விடுதி கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதித் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் ஏற்கமாட்டார்கள். பயணிகள் விடுதியிலும் தற்காலிக அறையிலும் இந்தத் தாளைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். அறை எடுக்கும்முன் "ஆன்மெல்டுங் செய்ய முடியுமா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் அலுவலக நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கும்போதே இணையத்தில் நேரம் பதிந்துவிடலாம்.

முகவரிப் பதிவுச் சான்று வந்தால்தான் மற்றவை நகரும். சில வங்கிகள் இது இல்லாமல் கணக்கு திறக்காது. கணக்கு இல்லாமல் முடக்கக் கணக்கின் பணம் வராது. வசிப்பு அனுமதிக்கும் இதைத்தான் கேட்பார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜெர்மன் அடுக்குமாடியில் நம் ஊர் மாதிரி 12-3-5 என்று வீட்டு எண் இருப்பது அரிது. கீழ்த்தளத்தில் வரிசையாக அஞ்சல் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு கடிதம், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதம், காப்புறுதி அட்டை, வரி எண், எல்லாமே தபாலில்தான் வரும். அறைச் சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். பகிர்ந்து வாழும் வீடென்றால் மற்றவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

அடுத்து, காப்புறுதி. 30 வயதுக்குட்பட்ட மாணவர் அரசு முறைக் காப்புறுதியில் சேரலாம். மாதம் ஏறக்குறைய 140, 150 யூரோ வரும். இதை இங்கிருந்தே இணையத்தில் ஏற்பாடு செய்யலாம். சேர்ந்ததும் எம்10 என்ற மின்தகவலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது போகாமல் மாணவர் பதிவு முடியாது. விலை குறைவாக இருக்கிறதென்று தனியார் காப்புறுதிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக அரசு முறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர வழியில்லை. விமானத்தில் ஏறும் நாளிலிருந்து இந்தக் காப்புறுதி தொடங்கும் நாள் வரைக்கும் பயணக் காப்புறுதி தனியாக வேண்டும்.

கடைசியாக வசிப்பு அனுமதி. கையிலிருக்கும் விசா சில மாதங்களுக்குத்தான். அது முடியும்முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். நேரம் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணமாக எடுபடாது. ஆனால் விசா செல்லும் நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை தங்கும் உரிமை தொடரும். அதற்குத் தற்காலிகச் சான்று தருவார்கள். முகவரிப் பதிவு முடிந்த வாரமே இந்த நேரத்தையும் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

சில வாரம் கழித்து ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சி இல்லையே, இது மோசடி என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாரும் கட்ட வேண்டியது. பகிர்ந்து வாழ்ந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம்.

"சிஜிபிஏ 3.2 வைத்திருக்கிறேன். ஜெர்மன் மதிப்பெண்ணில் எவ்வளவு வரும்?" – மாணவி, பந்தாய் டாலாம்

அங்கே கணக்கு தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 தப்பித் தேறியது, 5.0 தோல்வி. நம் ஊர் நினைப்பில் "4.0 வாங்கினேன்" என்று வீட்டில் சொன்னால் அம்மா பாயசம் வைத்துவிடுவார், உண்மையில் அது மயிரிழையில் கிடைத்த தேர்ச்சி.

மாற்றுவதற்குப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துவது பவேரியச் சூத்திரம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். வந்ததை 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் உச்சம் 4.0, தேர்ச்சி 2.0 என்றால், 0.8ஐ 2ஆல் வகுத்தால் 0.4, மூன்றால் பெருக்கினால் 1.2, ஒன்று கூட்டினால் 2.2. நல்ல எண்தான். தேர்ச்சி எல்லை எது என்று டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவாளரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அந்த ஓர் எண் மாறினால் விடையே மாறிவிடும்.

"வகுப்பு எப்படி நடக்கும்? வருகைப் பதிவு உண்டா? தேர்வுக்கு எப்போது தயாராக வேண்டும்?" – மாணவர், பிறை

அட்டவணையில் "10 சி.டி." என்று பார்த்தால் வகுப்பு 10:15க்கு. "10 எஸ்.டி." என்றால் சரியாக 10:00. அந்தக் கால் மணி நேரம் கல்விக்கூட மரபு. ஒரு வகுப்பு பெரும்பாலும் 90 நிமிடம்.

விரிவுரைக்குப் பல துறைகளில் வருகைப் பதிவே கிடையாது. ஒரு மாதம் போகாவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள், அப்பாவுக்குக் கடிதமும் வராது. பள்ளி முடித்து நேராகப் போகும் பிள்ளைகள் இதைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான பாடம் யூபுங் எனப்படும் பயிற்சி வகுப்பில் இருக்கிறது. வாரம் ஒரு பயிற்சித் தாள் கொடுப்பார்கள். கணிதம், கணினி, இயற்பியல் துறைகளில் பல இடங்களில் பருவம் முழுக்கச் சேர்ந்த புள்ளிகளில் பாதியாவது இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். முதல் மூன்று தாளை விட்டுவிட்டவர் டிசம்பரில் எவ்வளவு முட்டி மோதினாலும் பாதியை எட்டுவது கஷ்டம். குழுவாகச் செய்து கொடுக்க அனுமதி இருந்தால், முதல் வாரமே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள் தம்பி. கூச்சப்பட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் எல்லாக் குழுவும் நிறைந்துவிடும்.

பாடச்சுமையை இசிடிஎஸ் என்ற புள்ளியில் அளப்பார்கள். ஒரு பருவத்துக்கு 30 புள்ளி. ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் பருவத்துக்கு 750 முதல் 900 மணி. விடுமுறையையும் சேர்த்து 26 வாரத்தில் பரப்பினாலே வாரம் ஏறக்குறைய 29 முதல் 35 மணி நேரம் வருகிறது. அட்டவணையில் வகுப்பு 20 மணி நேரம்தான் இருக்கும். மீதி உங்கள் மேசையில்.

தேர்வைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு இணையத்தில் தனிக் கெடு உண்டு. சில துறைகளில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். பருவம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவராக இருந்தாலும், அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால் தேர்வு மண்டபத்தில் அவர் பெயர் இருக்காது. தேர்வு முறை விதிநூல் என்று ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று இருக்கும். அதில் நான்கு விஷயங்களை முதல் வாரத்திலேயே தேடிப் படியுங்கள்: பதியும் கெடு, விலகும் கெடு, எத்தனை முறை எழுதலாம், உடல்நலமில்லாவிட்டால் மருத்துவர் சான்றை எத்தனை நாளுக்குள் தர வேண்டும். பல இடங்களில் மூன்று முறைதான் வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டி வரும்; அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகும். தயாராகாமல் "எழுதித்தான் பார்ப்போமே" என்று போவதைவிடக் கெடுவுக்குள் விலகிக்கொள்வது எவ்வளவோ மேல்.

தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில். அதை ஒட்டி, ஜனவரி, பிப்ரவரியில்தான் அடுத்த பருவத்துக்கான பருவத் தொகையையும் கட்ட வேண்டும். ரூக்மெல்டுங் என்பார்கள். படிப்பு மும்முரத்தில் அதை மறந்தால் மாணவர் பெயர்ப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

"மகள் சோறு ஆக்கும் ரைஸ் குக்கரை இங்கிருந்து கொண்டுபோகலாமா? பருப்புப் பொடி, நெய், கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் எடுத்துப்போக முடியுமா?" – ஒரு தாய், பிரிக்ஃபீல்ட்ஸ்

ரைஸ் குக்கர் தாராளமாகப் போகலாம் அம்மா. நம் மின்சாரம் 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர்களுடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குக்கருக்கு வித்தியாசமே தெரியாது. பிளக்தான் வேறு. நமக்கு மூன்று சதுரக் கால்; அவர்களுக்கு இரண்டு உருண்டைக் கால், பக்கவாட்டில் எர்த் பட்டை.

விமான நிலையத்தில் விற்கும் "எல்லா நாட்டுக்கும் ஒன்று" வகை அடாப்டரைக் குக்கருக்குப் போடவே கூடாது. பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. தாங்கும் மின்னோட்டமும் குறைவு. கைப்பேசிக்குச் சரி, சூடாக்கும் சாமானுக்கு ஆபத்து. ஷூகோ எனப்படும் எர்த் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கி, அதில் நம் ஊர் நான்கு துளை எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் செருகினால் மொத்த அறைக்கும் போதும். ஆனால் அந்தப் பலகையில் மின் கெட்டிலையும் குக்கரையும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது. கெட்டில் 2,200 வாட், குக்கர் 700 வாட் என்றால் 2,900 ஆகிறது. 13 ஆம்பியர் ஃபியூஸின் எல்லை ஏறக்குறைய 3,000. சில விடுதிகளில் அறைக்குள் சமைக்கவே தடை. அங்கே குக்கர் பொதுச் சமையலறைக்குப் போக வேண்டும். அறையில் மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். அதை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாட்டுச் சாமான்களுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள்தான், ஆகவே அது கூடாது. கோழி ரெண்டாங், இறைச்சி ஃபுளோஸ் எல்லாமும் இதில் அடங்கும். மீனுக்கு விதி வேறு: கருவாடு, காய்ந்த நெத்திலி, சம்பால் ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். மணம் பெட்டி முழுக்கப் பரவாமல் இரண்டு உறை போட்டு ஒட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் பறிமுதல்தான். நிழலில் உலர்த்தி இடித்த கறிவேப்பிலைப் பொடி போகலாம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, காய்ந்த மிளகாய், புளி, எண்ணெய் ஊறுகாய் எல்லாம் சரி. பழங்களில் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான் ஐந்துக்கும் சான்றிதழ் கேட்பதில்லை. டுரியானை விமான நிறுவனம் ஏற்றாது என்பது வேறு விஷயம்.

அரிசி சுமக்க வேண்டாம். ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் அந்நாட்டில் வாழ்கிறார்கள். பல நகரங்களில் அவர்கள் நடத்தும் மளிகைக் கடைகளில் பொன்னி அரிசியிலிருந்து அப்பளம் வரை கிடைக்கும். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் ஆலயமும் இருக்கிறது. மகள் அந்தப் பக்கத்து மாநிலத்தில் படிப்பவளானால் ஒரு நாளில் போய்வரலாம்.

"அறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை வந்ததால் முன்பணத்தில் கழித்துவிட்டார்கள் என்று தெரிந்தவரின் மகன் சொன்னான். குளிர் நாட்டில் எப்படிப் பூஞ்சை வரும்?" – வாசகர், செத்தாபாக்

குளிர் நாட்டில்தான் சுலபமாக வரும். 20 பாகை சூடான அறையில் ஈரப்பதம் 70 விழுக்காடு இருந்தால், 14 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். வெளிச்சுவரின் மூலை, அலமாரிக்குப் பின்பக்கம், சன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு எல்லாம் ஜனவரியில் அந்தச் சூடுகூட இல்லாமல் இருக்கும். காலையில் எழுந்து சன்னல் கண்ணாடியின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். வரிசையாக நீர்த்துளி நின்றால் அறை மூச்சு முட்டுகிறது என்று பொருள். சோறு வடிப்பது, ரசம் கொதிப்பது, வெந்நீர்க் குளியல், அறைக்குள் துணி உலர்த்துவது எல்லாம் ஈரத்தைக் கூட்டும். ஒரு வாளித் துணியிலிருந்தே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கும்.

நம் ஊரில் சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும். அங்கே திறந்தால் ஈரம் வெளியே போகும். வெளியே 0 பாகை, மழை பெய்துகொண்டிருந்தாலும்கூட, அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு நான்கரை கிராம் நீர்தான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் 25 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, சன்னலை அகலமாகத் திறந்து ஐந்து நிமிடம் விட்டு மூட வேண்டும். ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள். திறக்கும்போது வெப்பக்குழாயின் திருகை மூடிவிடுங்கள், இல்லையென்றால் குளிர்காற்று பட்டு அது முழு வேகத்தில் எரியும். சன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டுவைப்பது தவறு; காற்று மாறாது, சுவர்தான் குளிரும்.

திருகில் உள்ள எண்கள் வேகத்தைக் காட்டுவதில்லை, சூட்டை. 2 என்றால் ஏறக்குறைய 16 பாகை, 3 என்றால் 20, 4 என்றால் 24. 5இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 28 வரை ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் கூடவே ஓடும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். பத்து யூரோவுக்கு ஈரமானி கிடைக்கும். 40 முதல் 60க்குள் நின்றால் கவலையில்லை.

"குளிர் உடையை இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா?" – மாணவி, செராஸ்

உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட்டும் ஒரு மேலங்கியும் இங்கே வாங்குங்கள். பழைய துணி விற்கும் நல்ல பண்டல் கடையில் கிடைக்கும் மேலங்கியே போதும், காற்று புகாததா என்று மட்டும் பாருங்கள். காலணியை அங்கே வாங்குங்கள். தடித்த காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். பனி உறைந்த நடைபாதையில் நம் ஊர் ரப்பர் அடி வழுக்கிவிடும். பருத்தி பனியனை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் கடைசியில் பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு மேல்தான் உதிக்கும், மாலை நான்கு மணிவாக்கிலேயே மறைந்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கிருக்கும் வெயிலில் தோலால் வைட்டமின் டி உண்டாக்க முடியாது. கறுத்த தோலுக்கு இது இன்னும் குறைவு. போகும்முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே பெரிய மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

"பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்க முடியுமா?" – மாணவர், புக்கிட் மெர்தாஜாம்

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே மாணவர் உதவியாளராகச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்புறுதிச் சலுகை போய்விடும். முதல் பருவத்தில் வேலையைத் தவிர்த்துவிடுங்கள். பயிற்சித் தாள் கேட்கும் நேரத்தை உணவகத்தில் தட்டு கழுவிச் செலவழித்தால், பிப்ரவரியில் தேர்வு போகும். தேர்வு போனால் ஒரு பருவம் நீளும். அந்தப் பருவத்தின் செலவு சம்பாதித்ததைவிட அதிகம்.

"மகளை எப்போது அழைத்துப் பேசலாம்? தீபாவளி அன்று இரவு கூப்பிட்டேன் என்றால் எடுப்பாளா?" – ஒரு தாய், ஜார்ஜ்டவுன்

அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நம்மைவிட 6 மணி நேரம் பின்னால். அன்று அதிகாலை மூன்று மணியை இரண்டாகத் திருப்பி வைப்பார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 7 மணி நேரம். தீபாவளி அந்த ஞாயிறுக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அங்கே விடுமுறை கிடையாது, அம்மா. நீங்கள் இரவு ஒன்பதுக்கு அழைத்தால் அவளுக்கு மதியம் மூன்று அல்லது இரண்டு மணி, வகுப்பில் இருக்கலாம். நம் நேரம் மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு அழையுங்கள். அவளுக்குக் காலை ஏழு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டாளா என்று கேட்கவும் சரியான நேரம்.